துளி ஏறாத பிள்ளை

ஊரில் மனசாட்சிக்குத் தட்டுப்பாடு என்று யாரும் எங்கேயும் மனுக் கொடுக்கவில்லை. இருந்தாலும் அது விற்பனைக்கு வந்துவிட்டது. சின்னச் சின்ன நீலப் பாட்டிலில், சொட்டு விடுகிற மூடியோடு. குழந்தையின் நாக்கில் ஒரு துளி விட்டால் போதுமாம். பிள்ளை பொய் சொல்லாது, பிடுங்கித் தின்னாது, கடிக்காது, கையில் இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கும். வளர்ந்து ஆளானதும் பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றும். இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் அத்தனை பாட்டிலும் விற்றது என்பது நம் அபிப்பிராயம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். அதன் வாசலில் தொடங்கிய வரிசை கேட்டைத் தாண்டி, வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போயிருந்தது. மனசாட்சி வாங்க வந்தவர்கள் செய்த காரியங்களைப் பார்த்திருக்க வேண்டும்! ஒருவர், "என் தம்பி முன்னாடி நிக்கிறான்" என்று சொல்லி நடுவில் நுழைந்தார். அவருக்குத் தம்பியே கிடையாது. ஒரு அம்மாள் ஒன்பது வயதுப் பையனுக்கு ஆறு வயது என்று சத்தியம் செய்தார். "இல்லம்மா, ஒம்போது" என்று திருத்திய பையனின் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. காவலாளியின் கையில் எதையோ திணித்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனவர்களும் உண்டு. பிள்ளைக்கு நேர்மை வாங்கித் தருவதென்றால் சும்மாவா?

உள்ளே, குழந்தைகளின் குட்டைச் செருப்புகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் வரிசையாக இருந்த கூடத்தில், துளியார் பேசிக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் என்னவோ, ஊர் வைத்த பெயர் துளியார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. சட்டைக் காலரில் ஒரு மைக்.

"லட்சம் வருஷத்துக்கு முன்னாடி நாமெல்லாம் யாரு? குரங்கு! கிடைச்சதைப் பிடுங்கித் தின்ன குரங்கு! அப்புறம் எப்படி மனுஷன் ஆனோம்? ஒரு நாள் வானத்திலேருந்து ஏழு துளி விழுந்துச்சு. ஏழு குரங்கோட நாக்குல விழுந்துச்சு. அந்த ஏழும் நிமிர்ந்து நின்னுச்சு, பழத்தைப் பங்கு போட்டுச்சு. அங்கேருந்து வந்ததுதான் குடும்பம், ஊரு, சட்டம், பாட்டு, கல்யாணம், காட்சி எல்லாம். எட்டாவது துளி... என்கிட்ட இருக்கு!"

விழுந்தது ஏழு என்றால் எட்டாவது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு துளியிலிருந்து இத்தனை பெட்டி பாட்டில் எப்படி நிரம்பியது என்றும் கேட்கவில்லை. கணக்குப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவர்களே அந்த வரிசையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

கூட்டத்தின் நடுவே, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள் டிரைவிங் டீச்சர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை. காலை ஆறு மணிக்கு முதல் ஆளை ஏற்றினால் மாலை வரைக்கும் அடுத்தவர்களின் தவறுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உத்தியோகம். அவளுடைய நாலு வயது மகள் இந்தக் காப்பகத்தில்தான் வளர்கிறாள். ஆள் சின்னது, காரம் பெரிது என்பதால் எல்லாரும் அவளைக் கடுகு என்றே கூப்பிட்டார்கள். போன வாரம் மேஜையிலிருந்து பறக்க முயன்றதில் வலது கையில் மாவுக்கட்டு. பறப்பது ஏன் தோல்வி அடைந்தது என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கு இங்கே வர விருப்பமில்லை. இழுத்து வந்தது நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கை. அதே குடியிருப்பில் மூன்றாவது மாடி. அவள் பையன் பூசணிக்கு ஏற்கெனவே மூன்று தவணைத் துளி ஆகிவிட்டது.

"அண்ணி, நீங்க வந்து கண்ணால பாருங்க. எங்க பூசணி எப்படி மாறிட்டான்னு. நேத்து என்கிட்ட வந்து, 'அம்மா, உனக்கு முத்தம் வேணுமா'ன்னு கேக்கிறான்!"

"முன்னாடி கேக்க மாட்டானா?"

"முன்னாடியும் கேப்பான். ஆனா இப்ப அதுல ஒரு பக்குவம் இருக்கு அண்ணி."

வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். ஊராருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவர், தன் தங்கை காட்டுவதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "துளிதானே, கசக்கவா போகுது? குடுத்துத்தான் பாப்போமே" என்றார்.

காட்சி தொடங்கியது. துளியாரின் உதவியாளன், நெட்டையன் என்று எல்லாரும் சொல்கிற ஒருவன், இரண்டு குழந்தைகளைச் சின்ன மேஜையில் எதிரெதிராக உட்கார வைத்தான். ஒரு பிள்ளையின் முன் மூன்று பிஸ்கட் வைத்தான். மற்றதன் முன் ஒன்று. மூன்று கிடைத்த பிள்ளை என்ன செய்யும்? மூன்றையும் தின்றது. எதிரே இருந்த பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மிருகத்தை?" என்றார் துளியார், மிகுந்த வருத்தத்தோடு. பெற்றவர்கள் வெட்கத்தில் தலை குனிந்தார்கள்.

பிறகு துளி. இரண்டு நாக்கிலும் ஒவ்வொன்று. அதோடு விடவில்லை. "துளி உடம்புல இறங்கணும். மிருகம் கழலணும். அதுக்கு வேர்வை வேணும்!" கூடத்தின் மூலையில் கனமான மரப்பெட்டி ஒன்று இருந்தது. சக்கரம் கிடையாது. முன்புறம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கயிறு. ஒரு பிள்ளை இழுத்தால் அசையாது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் நகரும். பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, விழுந்து எழுந்து இழுத்தன. தரையில் போட்டிருந்த கோட்டைப் பெட்டி தாண்டியதும் நெட்டையன் மூடியைத் திறந்தான். மறுபடியும் பிஸ்கட். ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் ஒன்று.

மூன்று கிடைத்த பிள்ளை தன்னுடையதைப் பார்த்தது. பக்கத்துப் பிள்ளையுடையதைப் பார்த்தது. ஒன்றை எடுத்து நீட்டியது.

ஆஹா! கூடமே அழுதது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா அண்ணி! பாத்தீங்களா!" என்று டீச்சரின் தோளை உலுக்கினாள். டீச்சருக்கே உடம்பு சிலிர்த்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஜோடி ஜோடியாக வந்தார்கள். பெரும்பாலும் இதேதான் நடந்தது.

கடுகின் முறை வந்தது. எதிர்வீட்டுப் பையனோடு ஜோடி. துளிக்கு முன்னால் கிடைத்த மூன்று பிஸ்கட்டையும் தின்றாள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. நாக்கில் துளி விழுந்தது. "இனிக்குது, இன்னொண்ணு" என்றாள். கயிறு என்று வந்தபோது நெட்டையன் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"பாப்பா ஓரமா நில்லு. உனக்குப் பதிலா மாமா இழுக்கறேன்."

மாமாவும் பையனும் இழுத்தார்கள். கடுகு ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஈயை வேடிக்கை பார்த்தாள். பெட்டி வந்தது. அவள் பக்கம் மூன்று பிஸ்கட். கடுகு மூன்றையும் தின்றாள். பொடியைக்கூட விடவில்லை.

துளியார் கண்ணை மூடினார். திறந்தார். மைக்கில் மெல்லச் சொன்னார்.

"துளி ஏறலை. ரொம்ப அபூர்வம். சில ஜீவன் இன்னும் மரத்திலேருந்து இறங்கலை. நான் குறை சொல்லலை. ஒன்பது தவணை விசேஷத் துளி இருக்கு. குடுத்துப் பாக்கலாம். அதுவரைக்கும் மத்த பிள்ளைங்க ஜாக்கிரதை."

அந்தக் கடைசி வாக்கியம் பிஸ்கட்டைவிட வேகமாகப் பங்கு போடப்பட்டது. மறுநாள் காலையில் காப்பகத்தில் கடுகுக்குத் தனி மேஜை. சுவரோரம், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில். யாராவது அவள் பக்கம் போனால் ஆயாக்கள் "ச்சூ, இங்க வா" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். மாலையில் காப்பக மேடம் டீச்சரைத் தனியாக அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பேரன்ட்ஸ் எல்லாம் பயப்படுறாங்க. சனிக்கிழமை அவர் மறுபடி வர்றார். ஒன்பது தவணைக்கு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா பிரச்சினையே இல்ல. இல்லைன்னா... குழந்தையை வேற எங்கயாவது பாத்துக்கோங்க."

"கையை ஒடிச்சுக்கிட்ட பிள்ளைங்க. மூணு பிஸ்கட் தின்னா. அது குத்தமா?"

"பிஸ்கட் இல்லைங்க விஷயம். மனசாட்சி."

வேறு எங்கே பார்ப்பது? இந்தக் காப்பகம் போனால் காலை ஆறு மணி வகுப்பு போகும். அது போனால் வேலை போகும். ஆனால் டீச்சரைக் குடைந்தது அது இல்லை. அன்று குளிப்பாட்டும்போது கடுகு கேட்டாள்: "அம்மா, நான் மிருகமா?"

"யாருடி சொன்னது?"

"பூசணி. அவன் சாமான்லாம் தொடக்கூடாதாம். நான் கடிச்சிருவேனாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் கடிக்கவே இல்லம்மா. இனிமே வேணா கடிக்கட்டுமா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பதில் வரவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது: மகள் துவட்டிக்கொண்டு நிற்கும்போது, இவளிடம் நிஜமாகவே ஏதோ குறைகிறதோ என்று ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டாள். பார்த்த கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது. இந்த மாதிரி ஆட்கள் விற்கிற சரக்கு பாட்டிலில் இல்லை. பெற்றவள் பிள்ளையைச் சந்தேகப்படுகிறாளே, அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து எதையோ எடுத்து மறைத்தார்.

"என்னங்க அது?"

"விசேஷத் துளி. ஒன்பதும் வாங்கிட்டேன். மொத்தமா வாங்கினா ஒரு கைக்குட்டை இலவசம்."

டீச்சர் கைக்குட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது சாயம் போய்க் கன்னத்தில் நீலமாக ஒட்டியது.

மறுநாள் காலை வகுப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பேராசிரியை. தவளையின் நரம்பு மண்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்; கண்ணைத் திறந்துகொண்டு வண்டி ஓட்ட மட்டும் வராது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. கார் அழகாக நின்றது.

"பாத்தீங்களா டீச்சர்! இன்னிக்கு நானே கரெக்டா பிரேக் போட்டேன்!"

டிரைவிங் பள்ளிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று கற்கிறவர் காலடியில், ஒன்று கற்பிக்கிறவர் காலடியில். நிறுத்தியது டீச்சரின் கால். பேராசிரியையின் கால் கிளட்ச்சில் இருந்தது. வழக்கமாக டீச்சர் இதைச் சொல்லமாட்டாள். நம்பிக்கை வளரட்டும் என்று விட்டுவிடுவாள். இன்றைக்கு அவள் தன் காலையே குனிந்து பார்த்தாள்.

"மேடம், நீங்க பிரேக்கை மிதிக்கிறீங்க. நானும் மிதிக்கிறேன். வண்டி நிக்குது. யாரு நிறுத்தினதுன்னு எப்படித் தெரியும்?"

"ஏன், ஒருத்தர் காலை எடுத்துட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்." பேராசிரியை சொல்லிவிட்டுச் சந்தேகத்தோடு கீழே பார்த்தார். "அய்யோ, அப்ப நான் இல்லையா?"

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தன. டீச்சருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நேற்று மாலை நடந்தது ஞாபகம் வந்தது. கடையிலிருந்து வந்த பெரிய சாமான் பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு அவள் சாவி தேடிக்கொண்டிருந்தாள். கடுகும் பூசணியும், மிருகம் என்பதெல்லாம் மறந்து, ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து அந்தப் பையைத் தரதரவென்று மாடிக்கு இழுத்தார்கள். கடுகு இடது கையால் இழுத்தாள். மேலே போனதும் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையை இடது கையால் பிய்த்து, பாதியைப் பூசணியிடம் நீட்டினாள். எச்சில் பாதியைத் தான் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தும் டீச்சர், "படியில உக்காந்து திங்காதீங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

துளி அதே துளிதான். பன், நேற்று அவள் இழுத்த பிறகு கைக்கு வந்தது. பிஸ்கட், அன்றைக்கு அவள் இழுக்காமலே வந்தது.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, முழுவதையும் பேராசிரியையிடம் கொட்டினாள். பேராசிரியை ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"வானத்திலேருந்து துளியா? நல்லா இருக்கே! டீச்சர், நம்ம முன்னோர்ல தனியா வேட்டைக்குப் போனவன் பாதி நாள் பட்டினி. சேர்ந்து போனவங்க தின்னாங்க. சேர்ந்து பிடிச்சதை ஒருத்தன் மட்டும் சுருட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"மறுநாள் அவனை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"அவ்வளவுதான். கூப்பிடாதவனுக்குச் சோறு ஏது, பொண்டாட்டி ஏது, பிள்ளை ஏது? பங்கு போட்டவன் பிழைச்சான். அவன் பிள்ளைங்கதான் நாம. இப்படித் தலைமுறை தலைமுறையா ஊறிப்போனது. சேர்ந்து உழைச்சது கைக்கு வந்தா சின்னக் குழந்தைக்குக்கூட, 'இதுல அவனுக்கும் பங்கு இருக்கு'ன்னு தோணும். சும்மா வந்து விழுந்ததுன்னா அவ்வளவாத் தோணாது. பெரியவங்களுக்கே தோணாதே, குழந்தைக்கா தோணும்?" சற்று நிறுத்தி, "ஆனா நான் சொல்றேன்னு நம்பிடாதீங்க. ஒரு காலை எடுத்துட்டுப் பாருங்க" என்றார்.

சனிக்கிழமை கூட்டம் இரட்டிப்பு. வெளியூர்க் கார்கள் எல்லாம் வந்திருந்தன. 'மரத்திலிருந்து இறங்காத பிள்ளை'யைப் பார்க்கவே பாதிப் பேர் வந்ததாகக் கேள்வி. கடுகு தன் தனி மேஜையில் உட்கார்ந்து, மாவுக்கட்டில் மீன் படம் வரைந்துகொண்டிருந்தாள். துளியார் இரண்டு கையையும் விரித்து வரவேற்றார்.

"வாங்கம்மா! ஒன்பது தவணைக்குச் சம்மதமா?"

"சம்மதம். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். துளிக்கு அவ்வளவு சக்தி இருக்கே, கயிறு எதுக்கு?"

"கயிறு இல்லாம துளி உடம்புல இறங்காதும்மா."

"சரி. அப்ப துளி இல்லாமக் கயிறு மட்டும் இழுத்தா?"

துளியார் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயாலேயே கெட்ட பிள்ளையும் உண்டு. "துளி இல்லாக் கயிறு வெறுங் கயிறும்மா! மாடுகூடத்தான் இழுக்குது. மாடு பங்கு போடுதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சரும் கூடச் சிரித்தாள்.

"அப்ப துளி குடிக்காத பிள்ளைங்க இழுத்தா, பிஸ்கட்டைப் பங்கு போடவே மாட்டாங்க. சரிதானே?"

"நிச்சயமா மாட்டாங்க."

"எல்லாரும் கேட்டுக்கோங்க, அவரே சொல்லிட்டாரு" என்று டீச்சர் திரும்பினாள். வரிசையின் வால் பக்கம் போய், அன்றுதான் முதல் முறையாக வந்திருந்த குழந்தைகளை அழைத்தாள். எந்தத் துளியும் படாத நாக்குகள். நெட்டையன் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றான். "நகருங்க தம்பி, ஐயா சொன்னதைத்தானே நிரூபிக்கப் போறோம்" என்றதும் அவனுக்கு வேறு வழியில்லை. பிஸ்கட் வைக்கிற வேலையைக் காப்பக மேடத்திடமே கொடுத்தாள்.

முதல் ஜோடி இழுத்தது. பெட்டி வந்தது. மூன்று கிடைத்த பெண் ஒன்றை எடுத்துப் பக்கத்துப் பையனின் வாயிலேயே திணித்தாள். இரண்டாவது ஜோடியும் அப்படியே. மூன்றாவது ஜோடி சண்டை போட்டது. மூன்று கிடைத்தவன் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்ட பிறகுதான் கொடுத்தான். நாலாவது ஜோடி, இரண்டு பேர் பிஸ்கட்டையும் ஒன்றாகக் குவித்து, ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு என்று எண்ணியது.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. துளியாரின் நெற்றியில், அவர் விலை வைக்காத துளிகள் அரும்பின. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"இந்த ஹால்ல துளி திறந்திருக்கு! காத்துலேயே கலந்திருக்கு! மூச்சு விட்டாலே ஏறிடும்!"

கூட்டம் "ஓ..." என்றது. மூக்கை உறிஞ்சி ஆழமாக மூச்சு இழுத்தவர்களை நாமே பார்த்தோம்.

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றாள் டீச்சர். "அப்ப மூணு தவணை குடிச்ச பிள்ளையை உக்கார வைப்போம். வயித்துல துளி இருக்கு, காத்துலயும் துளி இருக்கு. நாங்க வாங்கின இந்த விசேஷத் துளிப் பாட்டிலையும் தர்றேன். கயிறு மட்டும் வேண்டாம். பூசணி, இங்க வாடா கண்ணு."

நாத்தனார் பெருமையோடு மகனைத் தள்ளிவிட்டாள். பூசணி மேஜையில் உட்கார்ந்தான். எதிரே எதிர்வீட்டுப் பையன். துளியார் தன் கையாலேயே ஒன்றுக்கு ஐந்தாகத் துளி விட்டார். பிஸ்கட் வந்தது. பூசணிக்கு மூன்று.

பூசணி ஒன்றைத் தின்றான். கூட்டம் காத்திருந்தது. இரண்டாவதைத் தின்றான். "குடுடா... குடுடா தங்கம்..." என்று நாத்தனார் பல்லுக்குள் ஜபித்தாள். பூசணி மூன்றாவதையும் தின்றுவிட்டு, எதிரே இருந்தவனின் ஒற்றைப் பிஸ்கட்டைப் பார்த்து, "உனக்கு அது வேணுமா?" என்று கேட்டான்.

முதலில் சிரித்தது காவலாளிதான். பிறகு கூடமே சிரித்தது. சிரித்து முடித்த காவலாளி துளியாரை உற்றுப் பார்த்தார்.

"சார், இப்பத்தான் ஞாபகம் வருது. நீங்க பிறந்தநாள் விருந்துல பலூன் ஊதி விளையாட்டுக் காட்டுவீங்கல்ல? இதே பெட்டிதானே? முன்னெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்கும்!"

நெட்டையன் பெட்டியைப் பார்த்தான். வெள்ளைப் பெயின்ட் உரிந்த மூலையில் சிவப்பு எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு விசேஷத் துளிப் பாட்டிலை எடுத்து, மூடியைக் கழற்றி, ஒரே மடக்கில் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"சர்க்கரைத் தண்ணி. கொஞ்சம் புதினா போட்டிருக்கான்." மனைவியைப் பார்த்தார். "ஒன்பதும் வாங்கிட்டேனேடி" என்றார், அழாத குறையாக.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்று டீச்சர் சுவரோரம் போனாள். மகளைக் கூட்டிவந்து, பெட்டிக் கயிற்றை அவளுடைய இடது கையில் கொடுத்தாள். மறு கயிறு எதிர்வீட்டுப் பையனிடம். அறிவுக்குத் தெரிந்தது வேறு, அடிவயிற்றுக்குத் தெரிந்தது வேறு. இந்தப் பிள்ளை இப்போது கொடுக்காவிட்டால்?

கடுகு இழுத்தாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மாவுக்கட்டை ஆட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் இழுத்தாள். ஒரு தரம் உட்கார்ந்தே விட்டாள், பையன் காத்திருந்தான். பெட்டி கோட்டைத் தாண்டியது. அவள் பக்கம் மூன்று. ஒன்றை வாயில் போட்டாள். ஒன்றைப் பையனுக்குக் கொடுத்தாள். மிச்சமிருந்த ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பையில் போட்டுக்கொண்டாள். ஆளுக்கு இரண்டு. கணக்கு சரி.

டீச்சர் அழுதாள். யார் பார்த்தால் என்ன?

காப்பக மேடம் குப்பைக்கூடைப் பக்கத்து மேஜையை அவசரமாக இழுத்து நடுவில் போட்டார். "மன்னிச்சிடுங்க டீச்சர், எல்லாரும் சொன்னாங்க, நானும்..."

"என்கிட்ட எதுக்கு? அவகிட்டச் சொல்லுங்க."

மேடம் முட்டி போட்டு உட்கார்ந்தார். "பாப்பா, நீ மிருகம் இல்லம்மா."

கடுகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லையா?"

இந்த முறை டீச்சரிடம் பதில் இருந்தது. "மிருகம்தாண்டி. நீ, நான், அப்பா, மேடம், மைக் வச்சிருக்கிற அந்த மாமா, எல்லாரும். சேர்ந்து இழுத்துச் சேர்ந்து தின்னு பழகின மிருகம்."

கடுகுக்கு அதில் பரம திருப்தி. மேடத்தைப் பார்த்து ஒரு முறை உறுமிக் காட்டினாள்.

இதற்குள் கூட்டம் துளியார் பக்கம் திரும்பியிருந்தது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஒரே கூச்சல். நெட்டையன் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு ஓடியே போனான். வெள்ளை ஷூவோடு துளியார் தனியாக அந்தப் பெட்டியை வாசலுக்கு இழுத்தார். அசைந்தால்தானே! ஒற்றை ஆளால் நகராதபடி செய்யச் சொன்னதே அவர்தான். பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஞானம் இன்னும் வரவில்லை. கயிற்றைக் கண்டதும் எட்டுப் பத்துப் பேர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, "ஏலே... லோ..." என்று இழுத்து வண்டியருகே கொண்டுபோய் விட்டுவிட்டு, கையை நீட்டினார்கள்.

"என்ன?" என்றார் துளியார்.

"இழுத்தோம்ல? பங்கு!"

துளியார் மிச்சமிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அப்படியே கொடுத்துவிட்டார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பங்கு போட்டார்கள். போட்டு முடித்ததும் கடுகு எழுந்து போய் அவர் கையில் ஒன்றை வைத்தாள். அவரும் இழுத்தாரே. மனுஷன் அதைத் தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் வண்டியில் ஏறினார்.

டீச்சர் மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வழியை மறித்து நாத்தனார் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குப் பின்னாலும் சிலர் சேர்ந்துகொண்டிருந்தார்கள். வரிசை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

"அண்ணி, துளியில ஒண்ணுமில்ல, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கயிறு இருக்கே, அதுல ஏதோ விசேஷம் இருக்கு. எங்க கிடைக்கும் அண்ணி? நீளம் எவ்வளவு வாங்கணும்?"

"கயித்துல ஒண்ணுமில்லம்மா. உன் பையனைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட சேர்ந்து எதையாவது இழுக்க விடு, தூக்க விடு, கட்ட விடு. அது போதும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவனுக்குள்ள ஏற்கெனவே இருக்கு." டீச்சர் அவள் நெற்றியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "உனக்கும் இங்க ஒண்ணு இருக்கு. லட்சக்கணக்கான வருஷமா செதுக்கி, சும்மா குடுத்திருக்காங்க. ஒரு தடவையாவது எடுத்து ஓட்டிப் பாரு. அதுக்கு லைசென்ஸ்கூட வேண்டாம்."